இறுக்கிப் பிடி, மகனே

அந்தக் கையில் நான்கு விரல்கள் பதிந்திருந்தன. முழங்கைக்குச் சற்று மேலே, நீலமும் ஊதாவுமாக, ஒன்றின் கீழ் ஒன்றாக. பெருவிரலின் அடையாளம் உட்பக்கம் இருந்திருக்க வேண்டும்.

ஒப்பனை அறைகளுக்குப் போகிற ஒடுங்கிய வழி அது. சுடுதண்ணீர்க் குழாய்கள் ஓடும் சுவரோடு ஒட்டி நின்று அவருக்கு இடம் விட்டேன். பச்சைக் கம்பளிச் சால்வை ஒரு தோளிலிருந்து நழுவிக் கிடந்தது. கையில் வெந்நீர்ப் போத்தல். அவர் கடந்துபோனபோது யூகலிப்டஸ் மணந்தது. என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். பாடுகிற நாட்களில் மேடை ஏறும்வரை அவர் ஒருவரோடும் பேசமாட்டார்.

அவை யாருடைய விரல்கள் என்று எனக்குத் தெரியும். முதல்நாள் காட்சியில் அந்தக் கையைப் பிடித்திருந்தவன் நான்தான்.

அவர் சுவீடன் நாட்டு ஓபராப் பாடகி. சொப்ரானோ, அதாவது பெண்குரல்களில் ஆக உயரத்தில் போய் நிற்கிற குரல். அவருடைய உண்மைப் பெயரை எழுத நான் அனுமதி கேட்கவில்லை. சிக்னே என்று வைத்துக்கொள்வோம். அந்த ஓபராவில் அவர் ராணி. நான் வாய் திறக்காத இரண்டு படைவீரர்களில் ஒருவன்.

தோள் உயரம்

லண்டன் பிளேஸ்டோவில் பகல் ஷிப்ட்காரரும் இரவு ஷிப்ட்காரரும் ஒரே மெத்தையை மாறி மாறிப் பாவித்த கதையைப் போன கிழமை இந்தப் பத்தியில் எழுதியிருந்தேன். அந்த மெத்தையில் எனக்குப் பங்காளி தேவன் அண்ணை. எண்பதுகளின் நடுப்பகுதி. என் அகதி வழக்கு முடியாமல் இழுபட்டுக்கொண்டிருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை, ஆர்ச்வே மேட்டில் இருக்கும் முருகன் கோயிலில் சாமி தூக்க ஆள் போதவில்லை. தூக்குகிறவர்களின் தோள்கள் ஒரே உயரத்தில் இல்லாவிட்டால் வாகனம் ஒரு பக்கம் சரியும், மாலை நழுவும், ஐயர் எல்லோருக்கும் முன்னால் ஏசுவார். தேவன் அண்ணை என்னை இழுத்துத் தனக்குப் பக்கத்தில் நிறுத்தித் தோளோடு தோளை வைத்து அளந்தார்.

"அச்சொட்டு!" என்றார். "இவ்வளவு நாளும் ஒரே மெத்தையிலை படுத்தும் எனக்குத் தெரியேல்லையே!"

சாமி சுற்றி வந்த பிறகு, காகிதத் தட்டில் பொங்கலோடு நின்றபோது மெல்லக் கேட்டார்.

"தம்பி, பின்னேரத்திலை சும்மா நிக்கிற வேலை ஒண்டு இருக்கு. வாறியே?"

"செக்கியூரிட்டியோ அண்ணை?"

"ஓம், ஆனா ராணிக்குச் செக்கியூரிட்டி."

"எந்த ராணிக்கு?"

"பாடுற ராணிக்கு. கேள்வி கேளாமல் வா."

அப்படித்தான் நகரத்தின் நடுவில் இருந்த அந்தப் பெரிய ஓபரா மண்டபத்தின் பின்கதவால் உள்ளே போனேன். அங்கே ஆளுக்கு உடுப்புத் தைப்பதில்லை. பழைய உடுப்பு பெட்டியில் இருக்கும், அதற்குப் பொருந்துகிற ஆளைத் தேடுவார்கள். உடுப்புப் பகுதியில் ஜோன் என்ற ஆங்கிலேயப் பெண், உதட்டில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டே ஒரு தோல் கவசத்தை என்மேல் மாட்டி, முதுகில் வாரை இழுத்துப் பூட்டினார். பூட்டுப்பட்டது. நேர்முகத் தேர்வு முடிந்தது. லண்டனில் என் ஆங்கிலத்தைப் பரிசோதிக்காத ஒரே நேர்முகத் தேர்வு அதுதான்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். அப்பா சுன்னாகம் சந்தையில் மூட்டை தூக்கினார். மகன் தூக்காமல் பிழைக்க வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை முழுவதும். லண்டனில் என்னுடைய தோள் உயரத்துக்காகவும் நெஞ்சு அளவுக்காகவும் வேலை கிடைத்தது என்று அவருக்கு எப்படிச் சொல்வது? "நாடக மண்டபத்திலை உத்தியோகம்" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

ஓபரா என்றால் என்ன என்று தேவன் அண்ணைதான் ரயிலில் விளங்கப்படுத்தினார்.

"எங்கட கூத்து மாதிரித்தான். கதைக்கிறதெல்லாம் பாட்டு. குத்துப்பட்டவன் உடனை சாகான், பாடி முடிச்சுத்தான் சாவான். என்ன, இஞ்சை கச்சான் கடலை விக்கமாட்டாங்கள்."

பூத்தட்டு

கதை இதுதான். போரில் தோற்ற ராணியை எதிரிகள் பிடித்துவிடுகிறார்கள். கடைசிக் காட்சியில் இரண்டு வீரர்கள் அவளை ஆளுக்கு ஒரு கையில் பிடித்துக் கொலைக்களத்துக்குக் கொண்டுபோக வருகிறார்கள். அவள் எங்களை முன்னுக்கு இழுத்துக்கொண்டு ஒரு நீண்ட வரியைப் பாடுவாள், ஒரே மூச்சில். தாழ்ந்த இடத்தில் தொடங்கி, ஏறி, ஏறி, இனி இடமில்லை என்று நினைக்கிற இடத்திலும் ஏறி, பிறகு நூல் போல மெலிந்து இறங்கும். சனங்கள் அந்த வரிக்காகத்தான் டிக்கெட் எடுத்தார்கள்.

முதல்நாள் எனக்கு இருந்த பயத்தில் அந்தக் கையைக் கிணற்றுக் கயிற்றைப் பிடிப்பதுபோலப் பிடித்திருந்தேன். அதன் பலனைத்தான் அந்த ஒடுங்கிய வழியில் கண்டேன்.

இரண்டாம் நாள் பூத்தட்டை ஏந்துவதுபோல ஏந்தினேன். விரல்கள் தோலில் பட்டும் படாமலும். என்னைவிட மூத்த பெண், அத்தனை பேர் தலைவணங்குகிற பெண், அவருடைய உடம்பில் அடையாளம் போடுவதற்கு நான் யார்?

வரி ஏறியது. பாதியில், முதல்நாள் நில்லாத ஓர் இடத்தில், அவர் ஒரு சின்ன மூச்சு எடுத்தார். சனங்கள் கவனித்ததாகத் தெரியவில்லை. கை தட்டினார்கள். ஆனால் கீழே நின்ற இசை நடத்துனரின் தலை சட்டென்று நிமிர்ந்ததை நான் பார்த்தேன்.

திரை விழுந்ததும் ஆள் வந்தது. படைவீரர் இருவரையும் அம்மையார் அழைக்கிறார்.

"என்னடா செய்தனி?" தேவன் அண்ணை கவசத்தைக்கூடக் கழற்றாமல் என் பின்னால் ஓடிவந்தார். "உன்னாலை என்ரை வேலையும் போகப்போகுது."

கண்ணாடிக்கு முன்னால் சிக்னே ஈரத் துணியால் முகத்து மையைத் துடைத்துக்கொண்டிருந்தார். கோபம் தெரியவில்லை. அவருடைய ஆங்கிலமும் எங்களுடையது போலவே சொல்லுக்குச் சொல் யோசித்து வந்தது. அது எனக்கு ஆறுதலாக இருந்தது.

"நேற்று நீ அங்கே இருந்தாய்," என்றார் என்னைப் பார்த்து. "இன்று நீ இல்லை. எங்கே போனாய்?"

தேவன் அண்ணையிடம் தமிழில் சொன்னேன். "நான் பிடிச்சதிலை அவவின்ரை கை கண்டிப்போச்சு அண்ணை. எனக்கு அந்தரமாப் போச்சு. மரியாதைக்காகத்தான் விட்டனான் எண்டு சொல்லுங்கோ."

தேவன் அண்ணை தொண்டையைச் செருமினார். மரியாதை என்பதற்கு அவருக்குத் தெரிந்த ஆகப் பெரிய சொல்லை எடுத்தார். "மேடம், நீங்கள் அவனுக்கு அம்மா மாதிரி என்று சொல்கிறான்."

சிக்னேக்கு அப்போது நாற்பதுகூட ஆகியிருக்காது. தலை வாரிக்கொண்டிருந்த பெண் சீப்போடு அப்படியே நின்றாள். சிக்னே என்னைப் பார்த்தார், கண்ணாடியில் தன்னைப் பார்த்தார். பிறகு தலையைப் பின்னுக்குச் சாய்த்துச் சிரித்தார் பாருங்கள், மேசையில் இருந்த பவுடர் மூடிகள் அதிர்ந்தன.

"சரி மகனே, இங்கே வா."

என் இரு கைகளையும் எடுத்துத் தன் விலாவின் இரண்டு பக்கமும் வைத்தார். மூச்சை இழுத்தார். என் கைகள் தானாக விலகின. மனித உடம்பு பக்கவாட்டில் அவ்வளவு விரியும் என்று நான் அறிந்திருக்கவில்லை. பிறகு தன் மேற்கையைப் பிடிக்கச் சொல்லி முன்னுக்கு இழுத்துக்கொண்டு ஒரு சுரத்தைப் பாடினார். கழுத்தும் தாடையும் தூங்குகிற குழந்தையின் கழுத்துப்போலத் தளர்ந்திருந்தன. முதுகும் இடுப்பும் மட்டும் இறுகியிருந்தன.

"நீ இழுத்தால் நான் கீழே பலமாக நிற்பேன். மேலே ஒன்றும் செய்ய வேண்டாம், குரல் தானாகப் போகும். நீ விட்டால் கழுத்து வேலை செய்யத் தொடங்கிவிடும். கழுத்து வேலை செய்தால் வரி உடையும்."

நான் அவருடைய கையில் இருந்த அடையாளத்தைக் காட்டினேன்.

"இது என்னுடையது," என்றார். "நான் சம்பாதித்தது. உனக்கென்ன?"

திரும்பும் ரயிலில் தேவன் அண்ணை ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்: "நான் நல்ல இங்கிலீசுதான் கதைச்சனான். அவவுக்குத்தான் எங்கட பண்பாடு விளங்கேல்லை."

பல் வைத்தியரின் உதவியாளர்

அந்தப் பருவத்தின் எல்லாக் காட்சிகளிலும் இறுக்கிப் பிடித்தேன். ஒத்திகை இடைவேளைகளில் அவர் ஒரு மரப்பெட்டியில் உட்கார்ந்து காலுறை பின்னுவார். நாங்கள் பக்கத்தில் நிலத்தில் இருப்போம். அங்கே துண்டு துண்டாகக் கேட்டதுதான் அவருடைய கதை.

சுவீடனின் வடக்கே, ரயில் பாதை பழுதுபார்ப்பவரின் மகள். வீட்டில் யாரும் பாடியதில்லை. ஒரு பல் வைத்தியரிடம் உதவியாளராக வேலை செய்திருக்கிறார். பயந்து நடுங்கும் பிள்ளைகளுக்காக மெல்லப் பாடுவாராம். ஒருநாள் நாற்காலியில் வாயைத் திறந்தபடி கிடந்த ஒரு சங்கீத ஆசிரியை, பல் பிடுங்கி முடிந்ததும் இரத்தத்தைத் துப்பிவிட்டு, "யார் பாடியது?" என்று கேட்டாராம். இருபது வயதுக்குப் பிறகுதான் பயிற்சி.

எனக்கு மதிப்பு வந்தது அதற்குப் பிறகு நடந்தவற்றைக் கேட்டுத்தான். அவருக்குப் பெரிய குரல் என்று தெரிந்ததும் பெரிய வேடங்கள் தேடி வந்தன. பெரிய வேடங்கள் இளம் குரலைத் தின்றுவிடுமாம். அவர் மாட்டேன் என்றார். தோழி வேடம், பணிப்பெண் வேடம் என்று வருடக்கணக்கில் சின்ன வேடங்களையே பாடினார். கூடப் படித்தவர்கள் ராணிகளாகி, பேப்பரில் படம் வந்து, குரல் உடைந்து வீட்டுக்குப் போன பிறகுதான் இவர் முதல் ராணியைப் பாடினார்.

நல்ல வேலை ஒன்று வந்தால் வேண்டாம் என்று சொல்ல எங்களில் யாருக்குத் தைரியம் வரும்? நான் அந்த நேரம் எந்த ஷிப்ட் வந்தாலும் எடுத்தேன். மாலை வகுப்பில் வரைபடக்கலை படித்துக்கொண்டு, புத்தகத்தின் மேலேயே தூங்கினேன். அவருடைய கதையைக் கேட்ட பிறகுதான் சில ஷிப்டுகளை விட்டுப் படிப்பைப் பிடித்தேன். இன்று கவுன்சில் அலுவலகத்தில் வரைமேசைக்கு முன்னால் இருக்கிறேன் என்றால் அதில் அந்த மரப்பெட்டிக்கும் ஒரு பங்கு உண்டு.

அந்தக் குரல் எப்படி இருக்கும் என்று கேட்பார்கள். தூரத்தில் இருந்து கேட்டவர்கள் வெள்ளி என்று சொன்னார்கள். நான் பக்கத்தில் நின்றவன். எனக்கு அது முதலில் ஓர் அதிர்வு. என் கை எலும்பு வழியாக ஏறித் தோளுக்கு வந்த பிறகுதான் காதுக்கு வரும்.

ராணி என்ன சொன்னாள்?

எண்பதுகள் முடிகிற நேரம் அதே ஓபரா, அதே உடுப்புகளோடு மறுபடியும் மேடைக்கு வந்தது. ஜோன் என்னைக் கூப்பிட்டு வாரைப் பூட்டிப் பார்த்தார். ஒரு துளை தள்ளிப் பூட்டுப்பட்டது.

சிக்னே அப்போது உச்சத்தில் இருந்தார். எந்த ஊரில் பாடினாலும் கூட்டம். என்னைக் கண்டதும் மண்டபமே கேட்க, "மகனே!" என்றார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்தமுறை ஒரு புதுமை. பாட்டின் பொருளை மேடைக்கு மேலே ஆங்கிலத்தில் எழுத்தாகக் காட்டினார்கள். சனங்களுக்குத் தெரியும், மேடையில் நிற்கும் எங்களுக்குத் தெரியாது. அதனால் ஒத்திகையில் கீழே இறங்கி நின்று அந்த நீண்ட வரியைப் படித்தேன். இத்தனை நாளும் அவர் அதைப் பாடப் பாட நான் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேனே, அந்த வரி சொன்னது இதைத்தான்: 'கையை விடுங்கள், நானே நடந்து போவேன்.'

நான் திகைத்துப்போய் அவரிடம் ஓடினேன். "விடச் சொல்லியா பாடுகிறீர்கள்?"

"ராணிதான் விடச் சொல்கிறாள்," என்றார், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல். "நான் சொல்லவில்லை."

சரியுது தம்பி

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள் தேவன் அண்ணையின் டெலிபோன். அவர் வெஸ்ட் ஈலிங்குக்கு மாறி, அம்மன் கோயிலிலும் சாமி தூக்கி, முழங்காலைக் கெடுத்து வைத்திருந்தார்.

"தம்பி, உன்ரை அம்மா கூப்பிடுறா."

"அம்மா கொழும்பிலை எல்லோ அண்ணை?"

"டேய், அந்த அம்மா இல்லை. வெள்ளைக்கார அம்மா. அவவுக்கு வருத்தம் வந்து வயித்திலை பெரிய ஒப்பரேசன். எழும்பி வந்திட்டா. ஆனா அந்த வரி வருகுதில்லை."

பக்கத்தில் வெண்டைக்காய் வெட்டிக்கொண்டிருந்த என் மனைவி வதனி கத்தியை வைத்தாள். "எனக்குச் சொல்லாமல் இன்னொரு மாமியும் வைச்சிருக்கிறியளோ? ஒண்டையே சமாளிக்க ஏலாமல் இருக்கு."

போனேன். அந்தமுறை மறு ஒத்திகைக்குப் பொறுப்பாக வந்திருந்த இளைஞர் காட்சியை மாற்றியிருந்தார். விடச் சொல்லித்தானே பாடுகிறாள், அதனால் வீரர்கள் தொடாமல் ஈட்டியோடு தள்ளி நிற்கட்டும், ராணியின் தனிமை தெரியட்டும் என்பது அவருடைய எண்ணம். பார்க்க அழகாகவும் இருந்தது. ஆனால் பிடிக்க ஆளில்லாமல், வெட்டித் தைத்த வயிற்றோடு, சிக்னேயின் வரி பாதியில் உடைந்தது. மறுபடி பாடினார். மறுபடியும் அதே இடத்தில் உடைந்தது.

இருக்கைகளின் ஓரத்தில் ஓர் இளம் பாடகி உட்கார்ந்திருந்தாள். ராணியின் வேடத்தை முழுதாகப் படித்து வந்தவள். நிர்வாகம் சொல்லிவிட்டதாம்: சனிக்கிழமை மத்தியானக் காட்சியில் அந்த வரி உடைந்தால், மீதிக் காட்சிகள் அந்தப் பெண்ணுக்கு.

"எனக்கு என் வீரர்கள் வேண்டும்," என்றார் சிக்னே.

"அம்மையாரே, இந்த மேடைப் படம் எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று பாருங்கள்," என்றார் இளைஞர்.

"படம் பாடாது."

இளைஞர் எங்கள் ஈட்டிகளைத் தானே வாங்கிச் சுவரில் சாய்த்தார். நல்ல மனிதர்.

ஜோனின் தலை நரைத்திருந்தது. வாரைப் பூட்ட மூன்று பேர் முயன்றும் முடியாமல், பின்பக்கத்தில் புதிய தோல் ஒட்டுப் போட்டார். "கலியாணமா?" என்று மட்டும் கேட்டார்.

சனிக்கிழமை. வெளியே நல்ல வெயில், உள்ளே இருட்டு. மேடைப் பக்கத்தில் சிக்னே நின்றார். பாடுகிற நாள், பேச்சில்லை. என்னைப் பார்த்தார். தன் வலது கையால் தன் இடது மணிக்கட்டை ஒருமுறை இறுக்கிப் பிடித்துக் காட்டினார். நான் தலையாட்டினேன்.

வரி தொடங்கியது. அந்தக் கையை எனக்குத் தெரியும். முன்பெல்லாம் ஒரு மாடு இழுப்பதுபோல இழுக்கும். அன்று இழுப்பு வந்தது, ஆனால் உள்ளே ஏதோ ஒன்று குறைந்திருந்தது. அவர் கைகளைத் திருப்பி எங்கள் முன்கைகளைப் பற்றிக்கொண்டார். இது ஒத்திகையில் இல்லை. குரல் ஏறியது. உடைந்த அந்த இடம் நெருங்கிக்கொண்டிருந்தது.

அப்போது அவருடைய முழங்கால்கள் விட்டன.

கீழே இருந்தவர்களுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது, நீண்ட அங்கி மறைத்தது. பாரம் முழுவதும் எங்கள் கைக்கு வந்தது. வாத்தியங்களின் சத்தத்துக்குள்ளே, உதட்டை அசைக்காமல் தேவன் அண்ணை முனகினார்.

"சரியுது தம்பி… உயத்து."

கோயிலில் எத்தனை வெள்ளிக்கிழமைகள் கேட்ட சொல்! யோசிக்கவே இல்லை. தோள் தன் வேலையைச் செய்தது. தேவன் அண்ணையின் கெட்ட முழங்காலையும் என் இறுகிய கவசத்தையும் மீறி இரண்டு தோள்களும் ஒரே உயரத்துக்கு வந்தன. ராணி நிமிர்ந்தார். பாதங்கள் பலகையைத் தொட்டும் தொடாமலும் இருந்தன. நிற்கிற வேலையை நாங்கள் எடுத்துக்கொண்டோம். அவருக்குப் பாடுகிற வேலை மட்டும்தான் மிஞ்சியது.

வரி அந்த இடத்தைத் தாண்டியது. ஏறியது. அத்தனை வருடங்களில் ஒருபோதும் கேட்டிராத ஒரு மென்மையோடு மேலே நின்றது. பிறகு நூலாக இறங்கி முடிந்தது.

கை தட்டல் உடனே வரவில்லை. அந்த மௌனத்தில் அவர் பாதங்களை ஊன்றினார். என் விரல்களைப் பார்த்தார். எனக்கு விளங்கியது. விட்டேன். மற்றப் பக்கம் தேவன் அண்ணையும் விட்டார். நாங்கள் பிடித்துக் கொண்டுபோக வேண்டிய ராணி தானாக நடந்து போனார். வெறுங்கையோடு இரண்டு வீரர்கள் பின்னால் போனோம். சனங்கள் எழுந்து நின்று தட்டிய சத்தம் மேடைக்குப் பின்னாலும் வந்தது.

ஒப்பனை அறை வாசலில் நிர்வாகத்தின் ஆள் பூங்கொத்தோடு சிரித்துக்கொண்டு நின்றார். மீதிக் காட்சிகளும் உங்களுக்கே என்றார். சிக்னே பூவை வாங்கினார்.

"இல்லை," என்றார். "அவை அந்தப் பெண்ணுக்கு. இன்று வரி உடையவில்லை. இப்படியே விட்டுவிட்டுப் போகிறேன்."

வேண்டாம் என்று சொல்லிச் சொல்லியே தொடங்கிய பயணம் அது. கடைசிச் சொல்லும் அதுவாகவே இருந்தது.

அந்த இளம் பாடகியைக் கூப்பிட்டு எனக்கு முன்னால் நிறுத்தினார். "இவன் என் மகன்," என்று அறிமுகப்படுத்தினார். "கூச்சக்காரன். இறுக்கிப் பிடிக்கச் சொல்லு." அந்தப் பெண் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்து, ஒன்றும் விளங்காமல் தலையாட்டினாள். சிக்னே வெந்நீர்ப் போத்தலைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

வீட்டுக்கு வந்து சேர்ட்டைக் கழற்றினேன்.

"இதென்னப்பா கையிலை?" என்றாள் வதனி.

முன்கையில் நான்கு விரல்கள் பதிந்திருந்தன. நீலம் அப்போதுதான் ஏறத் தொடங்கியிருந்தது.

"அம்மா பிடிச்சது."

"மாமிக்கு நல்ல பலம்தான்," என்று சொல்லிக்கொண்டு தைலப் போத்தலைத் திறந்தாள். "இஞ்சை காட்டுங்கோ, தேச்சுவிடுறன்."

"வேண்டாம்," என்றேன். "இருக்கட்டும்."